ஒக்கோச்சா ஊரில் சுக்வுதான் பெரியவர்

நைஜீரியாவில் லாகோஸிலிருந்து எனுகு போகிறவர்கள் ஏசி பஸ் என்று சொன்னால் நம்பாதீர்கள். காசை வாங்கிவிட்டு, ஊர் தாண்டியதும் ஜன்னலைத் திறந்துகொள்ளச் சொல்கிறார்கள். ஒனிட்சாவில் நைஜர் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே மாட்டியபோது சட்டையைப் பிழிந்திருக்கலாம். இறங்கியதும் டாக்ஸிக்காரர் என் முகத்தைப் பார்த்தே நாலு மடங்கு கேட்டார். போய்யா என்று கெகே ஏறிவிட்டேன். நம்ம ஊர் ஆட்டோவேதான், பஜாஜும் டிவிஎஸ்ஸும் அங்கே ஓடுகின்றன. கையிருப்பு கொஞ்சம் தப்பித்தது.

தங்கும் இடம், செலவுக் கணக்கு எல்லாம் அப்புறம். முதலில் ஒக்பா! பம்பாரா பயறு மாவில் செம்பனை எண்ணெயும் மிளகாயும் சேர்த்து, வாழையிலையில் கட்டி அவிப்பார்கள். இலையைப் பிரித்ததும் ஆவியோடு மஞ்சளாக ஒரு கட்டி. மலிவு, வயிறும் நிறைகிறது. அதை வைத்துக்கொண்டுதான் நம்டி அசிகிவே ஸ்டேடியத்தில் எனுகுவின் கால்பந்து கிளப் ரேஞ்சர்ஸ் ஆட்டம் பார்த்தேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர். நைஜீரியாவின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜே ஜே ஒக்கோச்சா இந்த கிளப்பில்தானே ஆரம்பித்தார் என்று கேட்டேன். "சின்னப் பையன். 1990இல் விடுமுறைக்கு ஜெர்மனி போனான், அங்கேயே ஒரு கிளப்பில் சேர்ந்துவிட்டான். ரேஞ்சர்ஸ் என்றால் சேர்மன்" என்றார். சேர்மன் என்பது பழைய ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் சுக்வுவின் பட்டப்பெயர்.

எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இந்தப் பகுதியின் இக்போ மக்கள் பியாஃப்ரா என்ற தனிநாடு கேட்டு நைஜீரியாவோடு நடத்திய போர் முடிந்த 1970இலேயே பிறந்த கிளப் இது. தோற்றுப்போன அந்த மக்களுக்குத் தலைநிமிர இருந்த சில விஷயங்களில் ஒன்று. 1975இல் ஆப்பிரிக்க சாம்பியன் கோப்பை இறுதியில் கினியாவின் ஹாஃபியாவிடம் தோற்றார்கள். 1977இல் விடவில்லை: அரையிறுதியில் இபதானின் ஷூட்டிங் ஸ்டார்ஸை பெனால்டியில் சாய்த்து, இறுதியில் கேமரூனின் யவுண்டே நகரக் கிளப் கேனனை வென்று, ஆப்பிரிக்காவின் இன்னொரு கிளப் போட்டியான கோப்பை வின்னர்ஸ் கோப்பையைத் தூக்கினார்கள். தடுப்பில் சுக்வு, கோலில் நெடுநெடு இம்மானுவேல் ஒக்காலா. 1980இல் நைஜீரியா முதல்முறை ஆப்பிரிக்கக் கோப்பை வென்றபோதும் கேப்டன் சுக்வுதான். 2025 ஏப்ரலில் இறந்துபோனார்.

ஒக்கோச்சாவின் கால்வித்தைக்கு நானும் அடிமைதான். ஆனால் வெளிநாட்டில் ஜொலித்தவரை மட்டும் கிளப்பின் அடையாளமாகப் பேசுவது அநியாயம்.

இத்தாலியின் இன்டர் மிலான் கிளப் வரை போன தாரிபோ வெஸ்ட்டும் ரேஞ்சர்ஸில் ஆடியவர். அவரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். இரண்டாம் பாதிக்கு விசில் ஊதிவிட்டது, பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை.