மருத்துவச்சியின் நாட்குறிப்பும் ஒரு வரலாற்றுப் பேராசிரியரும்

லாரல் தாட்சர் அல்ரிக், 1938-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளை வளர்த்தபடியே படித்து 1980-இல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே ஆசிரியராகி, 1995-இல் ஹார்வர்டு போனார்.

அவர் எடுத்துக்கொண்டது மெய்ன் பகுதி மருத்துவச்சி மார்த்தா பல்லார்டின் நாட்குறிப்பு. 1785 முதல் 1812 வரை எழுதியது, அதில் 816 பிரசவங்கள். முன்பு பார்த்தவர்கள் வீட்டுச் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். சுவையான வரிகளை மட்டும் பொறுக்கினால் அப்படித்தான் தோன்றும்! அல்ரிக் சலிப்பான வரிகளையே எண்ணினார். பிரசவம், கூலி, நெசவு எல்லாவற்றையும் வகைபிரித்து நீதிமன்ற, ஊர் ஆவணங்களோடு ஒப்பிட்டார். அந்த ஆவணங்களில் காணாத பெண்களின் கொடுக்கல்வாங்கல் அப்போதுதான் தெரிந்தது. மணமாகாத பெண்ணிடம் பிரசவ வலியின்போதே குழந்தையின் தகப்பன் பெயரைக் கேட்பது அன்று மருத்துவச்சியின் வேலையாக இருந்தது. அவள் சொன்ன பெயர், தகப்பன் யார் என்ற வழக்கில் சாட்சியமானது. 1991-இல் இந்த ஆய்வுநூலுக்கு வரலாற்றுப் பிரிவில் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு கிடைத்தது.