நெஞ்சைத் திறக்காமல் ஒரு வால்வு

இதயத்திலிருந்து ரத்தம் உடம்புக்குப் போகும் வாசலான அயோர்டிக் வால்வில் கால்சியம் படிந்து கல்லாக இறுகிவிட்டால், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், மயக்கம் வரும். மாத்திரையால் அதைத் திறக்க முடியாது. அறுவை சிகிச்சையும் உடம்பு தாங்காது என்று கைவிரிக்கப்பட்டவர்களின் கதி என்ன?

1989-ல் டென்மார்க்கில் ஆண்டர்சன் என்ற இளம் மருத்துவர், கசாப்புக் கடையில் பன்றி இதயம் வாங்கி, அதன் வால்வைத் தானே வளைத்த கம்பிக் கூட்டில் தைத்து, நெஞ்சைத் திறக்காமல் ரத்தக் குழாய் வழியாகப் பன்றிகளுக்குள்ளேயே பொருத்திப் பார்த்தார். பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளவில்லை (எப்போது கண்டுகொண்டன!). 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்ற இதய மருத்துவர் இப்படியொரு வால்வை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். அறுவை நிபுணர்கள் மறுத்துவிட்ட 57 வயதுக்காரர் அவர். வேறு சிக்கல்களால் சில மாதங்களே வாழ்ந்தார். ஆனால் வால்வு வேலை செய்தது.

எனக்கு வியப்பு தருவது அந்தச் சில விநாடிகள்தான். தொடை ரத்தக் குழாய் வழியாக, பலூன் மேல் சுருட்டிய வால்வு இதயத்துக்குப் போகிறது. வேண்டுமென்றே துடிப்பை நிமிடத்துக்கு 180-க்கும் மேல் ஏற்றுகிறார்கள். அந்த வேகத்தில் இதயத்தால் சரியாக ரத்தத்தைத் தள்ள முடியாமல் ஓட்டம் குறைகிறது. பலூன் விரிகிறது, பழைய வால்வு ஓரமாக நசுங்க, புதியது உட்கார்ந்துவிடுகிறது.

2010-ல் வெளிவந்த பார்ட்னர் ஆய்வில், அறுவைக்குத் தகுதியற்றவர்களில் வழக்கமான சிகிச்சை பெற்றோர் ஓராண்டில் 50.7% இறந்தார்கள், இந்த வால்வு வைத்தவர்களில் 30.7%. பக்கவாத ஆபத்து கூடியதும் உண்மை. சிலருக்கு அப்புறம் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியும் தேவைப்படுகிறது. டாக்டரிடம் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.