உடல் கைவிடும் குரோமோசோம்

தண்டையார்பேட்டையில் எங்கள் பகுதி மொட்டை மாடிகளில் புறா வளர்ப்பவர்களுக்கு அடுத்தபடியாக ஜீப்ரா ஃபிஞ்ச் வளர்ப்பவர்களையே அதிகம் காணலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்தச் சிறு பறவையிடம், புறாவிடம் காணப்படாத ஒரு குரோமோசோம் உண்டு. அதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பு கூடிக்கொண்டே போகிறது.

அர்ஜென்டினா ஆய்வாளர்களான பிகோசியும் சொலாரியும் 1998-இல் இதை அறிவித்தார்கள். இந்தப் பறவையின் விந்தகத்திலும் சூலகத்திலும் உள்ள இனச்செல்களில் மட்டுமே இருக்கும் அது, தசையிலோ மூளையிலோ இரத்தத்திலோ இருப்பதில்லை. கரு வளரத் தொடங்கும்போதே, உடலாக மாறவிருக்கும் செல்கள் அதை வெளியேற்றிவிடுகின்றன. ஜீப்ரா ஃபிஞ்சின் குரோமோசோம்களிலேயே மிகப் பெரியது இதுதான் என்றாலும், உடல் திசுவை மட்டும் வைத்து மரபணுத் தொகுதியைப் படித்தவர்களின் கண்ணில் இது படவே இல்லை.

இது கடத்தப்படும் விதமும் விசித்திரமானது. பெண் பறவையின் இனச்செல்லில் பொதுவாக இரண்டு பிரதிகள் இருப்பதால், அவை இணைந்து பிரிந்து ஒவ்வொரு முட்டைக்கும் ஒன்றைக் கொடுக்கின்றன. ஆணிடம் பெரும்பாலும் ஒரே பிரதிதான் உண்டு. அதுவும் விந்தணு உருவாகும்போது கழிக்கப்படுகிறது. ஆகவே இது தாய்வழிச் சொத்து, ஆனால் முழுமையாக அல்ல: சில வேளைகளில் தந்தை வழியாகவும் வருகிறது என்று 2022-இல் தெரியவந்தது.

ஒன்பது குடும்பங்களைச் சேர்ந்த 16 பாடும் பறவையினங்களை ஆராய்ந்த குழு, அத்தனையிலும் இதைக் கண்டதாக 2019-இல் எழுதியது. சிலவற்றில் பெரிதாகவும் சிலவற்றில் மிகச் சிறிதாகவும் இருந்த அந்தக் குரோமோசோம், பாடும் பறவைகளின் பொது மூதாதையிடம், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, ஜீப்ரா ஃபிஞ்சின் இந்தக் குரோமோசோமில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கண்டறிந்து, அவை பல்வேறு சாதாரண குரோமோசோம்களிலிருந்து வெவ்வேறு காலங்களில் படியெடுக்கப்பட்டவை என்று காட்டியது. நெருங்கிய உறவுள்ள இரண்டு நைட்டிங்கேல் இனங்களை ஒப்பிட்டபோதோ, உள்ளடக்கம் பெரிதும் மாறியிருந்தது. சிதையாமல் இரண்டிலும் எஞ்சியிருந்தது, முட்டைச் செல் வளர்ச்சியோடு தொடர்புடைய சிபிஇபி1 என்ற மரபணு மட்டுமே.

ஒட்டுண்ணியைப் போல நுழைந்து, ஓரிரு மரபணுக்களால் இன்றியமையாததாகிவிட்ட குரோமோசோம் இது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பயனே இல்லையென்றால் இவ்வளவு காலத்தில் பல இனங்கள் இதை இழந்திருக்கும். உள்ளிருப்பவை எல்லாமே தேவை என்றால் உள்ளடக்கம் இத்தனை வேகமாக மாறியிருக்காது.

காசிமேட்டில் மீனுக்குக் காத்திருக்கும் காகமும், நம் சிட்டுக்குருவியும் மைனாவும் பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தவையே என்பதால், அவற்றிலும் இதை எதிர்பார்ப்பது நியாயம். எனினும் நான் அதிகம் விரும்புவது சில்லைகளைப் பற்றிய ஆய்வைத்தான். கூண்டில் விற்கப்படும் பெங்காலி ஃபிஞ்சிடம் இந்தக் குரோமோசோம் இருப்பது ஏற்கெனவே உறுதியாகியுள்ளது. அதன் காட்டு மூதாதையான வெண்முதுகுச் சில்லையையும், அதற்கு நெருங்கிய உறவான புள்ளிச் சில்லையையும் அதனோடு வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த மரபணு முதலில் வந்து சேர்ந்தது, எது அண்மையில் கழிந்தது என்பதைப் படிப்படியாகத் தொடர முடியும்.