பழைய டைம்ஷேரும் தரகரும்

பெரம்பூரில் வசிக்கும் என் அக்கா, தம் 25 ஆண்டு டைம்ஷேரில், அதாவது ஆண்டுதோறும் சில நாள்கள் ரிசார்ட்டில் தங்கும் உரிமை தரும் விடுமுறைத் திட்டத்தில், எஞ்சிய ஆண்டுகளை விற்க முனைந்தபோது, வாங்குபவர் தயாராக இருப்பதாகத் தொலைபேசியில் கூறிய தரகர் ஒருவர், பதிவுக் கட்டணமாக 18,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அதன்பின் அழைப்பை எடுக்கவேயில்லை. அந்த இழப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

பராமரிப்புக் கட்டணத்தில் நிலுவை உண்டா, பெயர் மாற்றத்தை ரிசார்ட் நிறுவனம் அனுமதிக்கிறதா, அதற்கான கட்டணத்தை யார் செலுத்துவது, பயன்படுத்தாத நாள்கள் வாங்குபவருக்குச் சேருமா என்பவற்றைத் தரகரின் வாய்மொழியை நம்பாமல், நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் பெற வேண்டும். வாங்கிய விலையில் பெரும்பகுதி திரும்பாது என்று முதலிலேயே சொல்பவரே, என் கணிப்பில், நம்பத்தக்க தரகர்.

இரண்டாம் முறை, மூலக்கடை அருகே அலுவலகம் வைத்திருந்த ஒருவரை நேரில் சந்தித்தோம். பெயர் மாற்றக் கடிதம் வந்த பிறகே அவர் கமிஷன் பெற்றுக்கொண்டார்.