தோல் போர்த்திய கயாக்: மரமும் துணியும் தேர்ந்தெடுத்த அனுபவம்

மரச் சட்டத்தின் மேல் தோலோ துணியோ போர்த்திச் செய்யும் ஒடுங்கிய துடுப்புப் படகுதான் இந்தக் கயாக். என் முதல் கயாக்கின் சட்டத்திற்காக நீராவியில் வேகவைத்த ஓக் விலாக்களில் பாதிக்கு மேல், வளைக்கும்போதே முறிந்துபோயின. வெளிவளைவில் மெல்லிய சிலாம்பு ஒன்று எழும்பும்; அடுத்த நொடியே படீரென்று ஒடியும். நீராவி போதவில்லை என்று எண்ணி நேரத்தைக் கூட்டியும் பயனில்லை. நான் வாங்கியது சூளையில் உலர்த்திய மரம் என்பதே காரணம். மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் நன்றாக இளகும். சூளையில் காய்ந்து இறுகிய மரத்தில் அந்த இளக்கம் முழுமையாகத் திரும்புவதில்லை. மறுமுறை, அண்மையில் வெட்டிய, ஈரம் மாறாத வெள்ளை ஓக்கை ரேகை போகும் போக்கிலேயே பிளந்து, ஏறத்தாழ 6 மி.மீ. கனத்திற்குச் சீவி எடுத்தேன். நீராவிப் பெட்டியிலிருந்து வந்த முதல் விலா, கையுறைக்குள் தோல்வார் போல வளைந்து கொடுத்தது.

படகின் நீளம் முழுவதும் ஓடும் மேல்விளிம்புக் கட்டைகளுக்குத் தேவைப்படுவது நேர்மாறான குணம். அவை உலர்ந்ததாகவும், எடை குறைந்ததாகவும், கணு இல்லாததாகவும் இருக்க வேண்டும். ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் போன்ற ஊசியிலை மரம் பொருந்தும். இடம், வலம் இரண்டையும் ஒரே பலகையிலிருந்து அறுப்பது நல்லது என்பேன், ஏனெனில் ஒன்று விறைப்பாகவும் மற்றொன்று நெகிழ்வாகவும் இருந்தால், எவ்வளவு கவனமாக அளந்து கட்டினாலும் படகு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். காடுகளற்ற கிரீன்லாந்துக் கரைகளில் இன்யூட் மக்கள், சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளி, நீரோட்டமும் பனிக்கட்டியும் கொண்டுவந்து ஒதுக்கிய மிதவை மரத்திலேயே தங்கள் கயாக்குகளைச் செய்தார்கள். கிடைத்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எதற்கு ஆகும் என்று முடிவுசெய்த அவர்களின் கண்ணை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

மூட்டுகளை ஆணியால் இறுக்காமல் கயிற்றால் கட்டுவதால்தான் அலையில் சட்டம் நெகிழ்ந்து கொடுக்கிறது. அவர்கள் விலங்கின் தசைநாரால் கட்டினார்கள். நான் மெழுகு பூசிய பாலியஸ்டர் நூலைப் பயன்படுத்தினேன்.

போர்வைக்கு அவர்களிடம் சீல் என்ற கடல்விலங்கின் தோல் இருந்தது. பெண்கள் அதை நீர் புகாத இரட்டைத் தையலால் இணைத்தார்கள். இன்று நைலான், பாலியஸ்டர், பருத்திக் கான்வாஸ் மூன்றும் பயன்பாட்டில் உள்ளன. பருத்தி மலிவானது, ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் மக்கும். பாலியஸ்டர் ஈரத்தில் தொய்வதில்லை. சூடான இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்தால் சுருங்கி இறுகும். நைலான் ஈரத்தில் சற்றுத் தளரும் என்றாலும், பாறையில் உரசும்போது கிழியாமல் தாங்குவதில் அதற்கு இணையில்லை என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். துணியை நனைத்து இழுத்துத் தைத்துவிட்டு, மறுநாள் காலை காய்ந்த பின் விரலால் சுண்டியபோது, அது பறை போல ஒலித்தது. அதன் பிறகே நீர் புகாமல் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சைத் தொடங்கினேன்.