கல்மரத் துண்டும் இரண்டு மாத அலைச்சலும்

நேற்றுதான் கடைசி முடிவு கைக்கு வந்தது. என்னிடம் இருந்த கல்மரத் துண்டில் (சிலிக்கா ஊறிக் கல்லாகிப்போன பழங்கால மரம்) இருப்பது ஓபலா குவார்ட்ஸா (இரண்டும் சிலிக்காவின் வடிவங்கள்), மரம் எந்த வகை. இந்த இரண்டு கேள்விக்கு இரண்டு மாதம் அலைந்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் நேரம் வாங்கியது, கட்டணம் கட்டியது எல்லாம் சுலபமாக முடிந்தன. சிக்கல் தொடங்கியது சீவல் (நுண்ணோக்கியில் ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்த மெல்லிய கல் தகடு) வெட்டக் கொடுத்த இடத்தில். மரத்தை அடையாளம் காண மூன்று வெட்டு வேண்டும். வளர்ச்சி வளையம் குறுக்குவெட்டில் தெரியும். டிராக்கீடு (மரத்தில் நீர் கடத்தும் நீண்ட செல்) சுவரில் குழிகள் அடுக்கப்பட்டிருக்கும் விதம், மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கி வெட்டும் ஆர நீள்வெட்டில் தெரியும். மரக்கதிர்களின் (நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் செல் வரிசைகள்) உயரத்தை எண்ண, வளையத்தைத் தொட்டாற்போல வெட்டும் தொடுகோட்டு நீள்வெட்டு. நான் படிவத்தில் 'மூன்று சீவல்' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றும் ஒரே திசையில் வெட்டி வந்தன! கேட்டால், "கல்லுதானே, எந்தப் பக்கம் வெட்டினா என்ன?" என்றார் அங்கிருந்தவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்டிய கல் வெட்டியதுதான், திரும்பி வராது.

தயவுசெய்து கல்லின் மேலேயே அழியாத மையால் அம்புக்குறி போட்டு, 'இது குறுக்கு, இது ஆரம்' என்று எழுதிவிடுங்கள். படமும் எடுத்து வையுங்கள். சீவல் வந்ததும் நுண்ணோக்கியில் குறுக்கு முனைவாக்கிகளுக்கு (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு ஒளி வடிகட்டிகள்) இடையே வைத்துப் பாருங்கள். குவார்ட்ஸ் சாம்பல் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ தெரிந்தால் தடிமன் 0.03 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. பளிச்சென்று பல நிறம் காட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

அடுத்தது எக்ஸ்.ஆர்.டி., அதாவது கல்லின் தூளில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் அது வலுவாகத் திரும்புகிறது என்று பார்த்துப் படிகத்தை அடையாளம் காணும் சோதனை. முதல் வரைபடத்தில் 22 பாகையை ஒட்டி அகலமான ஒரு மேடு. படிக ஒழுங்கே இல்லாத ஓபல் இப்படித்தான் காட்டும். சிலிக்கா பெரும்பாலும் அந்த நிலையிலிருந்து அரைகுறைப் படிக ஒழுங்குள்ள ஓபல்-சிடி ஆகி, பிறகு குவார்ட்ஸாக மாறும். என் துண்டு அந்த முதல் நிலையிலேயே நின்றுவிட்டது என்று கிட்டத்தட்ட எழுதியே விட்டேன். ஆனால் சீவலில் பொடிப்பொடியான குவார்ட்ஸ் மணிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேனே! மனசு ஒப்பவில்லை.

விசாரித்த பிறகுதான் தெரிந்தது, நான் கொடுத்த தூள் போதாமல், கண்ணாடித் தகட்டில் லேசாகத் தூவி அளந்திருக்கிறார்கள். கதிர் தூளைத் தாண்டிக் கண்ணாடியையும் தொட்டிருக்கிறது. கண்ணாடிக்கும் படிக ஒழுங்கு கிடையாது, அதனால் அதுவும் அதே இடத்தில் மேடு காட்டும். வெறும் தகட்டை ஒருமுறை அளந்து தரக் கேட்டேன். அதற்குத் தனியாக முன்பதிவு செய்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வீண்.

மறுமுறை இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். தானாகவே சிலிக்கான் தகட்டை எடுத்தார். அது ஒரே படிகத்திலிருந்து, நாம் அளக்கும் கோணங்களில் எந்தத் தளமும் பிராக் விதிக்கு (படிகத் தளங்கள் எந்தக் கோணத்தில் உச்சி காட்டும் என்று சொல்லும் விதி) பொருந்தாத திசையில் அறுக்கப்பட்டது. அதனால் பின்னணி ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். மேடு காணாமல் போனது. தாமிரத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரில் 20.9, 26.6 பாகைகளில் ஊசி போல இரண்டு உச்சிகள். குவார்ட்ஸேதான். தூள் குறைவாக இருந்தால் இந்தத் தகட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மீதிக் கல்லிலிருந்து ஆரவெட்டு நேற்று வந்தது. டிராக்கீடு சுவரில் இரண்டு வரிசைக் குழிகள், ஒன்றுவிட்டு ஒன்றாக நெருங்கி, தேன்கூடு போல அறுகோணமாக. அரோக்கேரியா என்ற கூம்புதாங்கி மரங்களில் காணும் அதே அடுக்கு. ஒரு குழிகூட நசுங்கவில்லை.