சி மொழிப் பரீட்சை: ஸ்ட்ரிங்கின் நினைவகத்தை விடுவிக்கும்போது

யாழ்ப்பாணத்தில் சி மொழிச் செய்முறைப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தம்பி, தங்கைகளே, ஒதுக்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ (free) என்று எழுதுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தச் சுட்டியில் (முகவரியை வைத்திருக்கும் மாறியில்) இருப்பது, நினைவகம் ஒதுக்கித் தரும் மலொக் (malloc), கலொக் (calloc), ரீஅலொக் (realloc), ஸ்ட்ர்டப் (strdup) ஆகியவற்றில் ஒன்று தந்த அதே முகவரிதானா? மேற்கோள்குறிக்குள் நேரே எழுதிய ஸ்ட்ரிங்கையோ (எழுத்துத் தொடரையோ), செயற்கூறுக்குள் அறிவித்த சாதாரண அரேயையோ ஃப்ரீ செய்யக்கூடாது. எழுத்தெழுத்தாக வாசிக்கச் சுட்டியை ++ போட்டு நகர்த்தினால் தொடக்க முகவரி போய்விடும். ஆகவே நகர்த்துவதற்கு வேறொரு சுட்டி வையுங்கள். ஸ்ட்ரிங்கைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஸ்ட்ர்டொக் (strtok) தருவது மூல ஸ்ட்ரிங்குக்கு உள்ளேயே இருக்கும் ஓர் இடம், அதற்கும் ஃப்ரீ வேண்டாம்.

பலர் தடுமாறுவது அளவில். "யாழ்ப்பாணம்" கண்ணுக்கு 6 எழுத்து. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 11 குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33. ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் சுழியத்துக்கு ஒன்று சேர்த்து 34 பைட் ஒதுக்கவேண்டும். 7 பைட் ஒதுக்கிவிட்டு ஸ்ட்ர்கொப்பி (strcpy) கொண்டு ஸ்ட்ரிங்கை நகலெடுத்தால் பக்கத்து நினைவகத் துண்டின் கணக்கு அழியும். நிரல் அங்கேயே நிற்காமல், பிறகு ஏதோவொரு ஃப்ரீ வரியில் விழலாம். அந்த வரியைத் திருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள், ஒதுக்கிய வரிக்குத் திரும்பிப் போங்கள்.

ஃப்ரீ செய்தாலும் சுட்டி பழைய முகவரியையே வைத்திருக்கும். உடனே அதில் நல் (NULL, எந்த இடத்தையும் சுட்டாத மதிப்பு) இடுங்கள். நல்லை ஃப்ரீ செய்தால் எதுவும் நடக்காது, அதனால் தவறி இரண்டாம் முறை எழுதினாலும் பாதகமில்லை. ஆனால் அதே முகவரியை வேறொரு சுட்டியும் வைத்திருந்தால் இந்த நல் அதைக் காப்பாற்றாது. அதனால்தான் ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் விடுவிக்கும் பொறுப்பு எந்தச் செயற்கூறுக்கு என்று கொமென்டில் எழுதச் சொல்கிறோம்.

ஒதுக்கிய அளவை மாற்றும் ரீஅலொக்கின் விடையை அதே சுட்டியில் வாங்காதீர்கள். அது தோற்று நல் தந்தால் பழைய துண்டின் முகவரி கைவிட்டுப் போய்விடும், அந்த இடம் விடுவிக்க முடியாமல் கசிந்துவிடும். தற்காலிகச் சுட்டியில் வாங்கி, நல் இல்லை என்று பார்த்தபின் மாற்றுங்கள். ஸ்ட்ரிங் பட்டியலென்றால் முதலில் உள்ளே உள்ள ஒவ்வொன்றையும், கடைசியில் வெளி அரேயையும் ஃப்ரீ செய்யுங்கள்.

வீட்டில் பழகும்போது ஜிசிசி (gcc) தொகுப்பியில் -ஜி (-g) சேர்த்துத் தொகுத்து, நினைவகப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்டில் (valgrind) ஓட்டுங்கள். "இன்வலிட் ரைட்" (Invalid write, எழுதக்கூடாத இடத்தில் எழுதியது) என்று வந்தால், கசிவைத் தேடுமுன் அதைத் திருத்துங்கள்.